ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்னச்சு: பொள்ளாச்சி வண்டி ஒன்றுக்கு உதிரிபாகம் தேடிய நிகழ்வு ஆய்வு

வண்டியும் குறையும்

பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் ஒன்றில், 1960களின் நடுவில் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் கைமாறாமல் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. 948 சி.சி. எஞ்சினும் நான்கு கியர் கொண்ட பெட்டியும் உள்ள அந்த வண்டி எங்கள் கோவைப் பட்டறைக்கு வந்தபோது, உரிமையாளர் மூன்று குறைகளைச் சொன்னார். வேகம் எடுக்கும்போது பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் எழுந்தது. கிளட்சை விட்டதும் 'டணக்' என்று ஒரு தட்டு கேட்டது. வலது பின்சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தது. எஞ்சினிலோ கியர் பெட்டியிலோ குறை இல்லை.

நோயைக் கண்டறிவதற்கு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை விடச் சிறந்த சோதனைக்கூடம் கொங்கு நாட்டில் இல்லை. எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் இருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது இவற்றின் பற்களின் ஒரு முகம் சுமை தாங்குகிறது. இறக்கத்தில் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுவதால் பற்களின் மறுமுகம் சுமை தாங்குகிறது. இந்த வண்டியில் இரு நிலையிலும் ஊளை இருந்தது, இறக்கத்தில் அதிகமாக இருந்தது. அதைத் தவிர, வளைவின் திசையைப் பொறுத்துக் கூடிக் குறைந்த ஒரு கரகரப்பும் தனியாகக் கேட்டது. முதலாவது டிஃபரன்ஷியலையும் இரண்டாவது வலது ஹப்பையும் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) சுட்டின. ஆகவே கழற்றுவதற்கு முன்பே, தேட வேண்டிய சாமான் ஒன்றல்ல, ஒரு கூட்டம் என்பது தெளிவாகிவிட்டது.

ஏன் இந்த வண்டிக்கு மட்டும் சாமான் இல்லை

ஒரே காலத்துக் கார்களான அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பின்னச்சுச் சாமான் இன்றும் ஓரளவு கிடைக்கிறது, ஹெரால்டுக்குக் கிடைப்பதில்லை. அம்பாசடர் 1958 முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினியும் ஏறத்தாழ 2000 வரை தாக்குப்பிடித்தது. இரண்டும் டாக்சியாக ஓடியதால், கம்பெனி மூடிய பின்னும் உதிரிபாகம் செய்பவர்களுக்குச் சந்தை இருந்தது. ஹெரால்டோ, சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு 1961இல் தொடங்கிய வண்டி. பெரும்பாலும் வீட்டு வண்டியாகவே ஓடியது.

அதைவிட முக்கியமான காரணம் பின்னச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெரால்டில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் குழாய் அச்சு கிடையாது. டிஃபரன்ஷியல் சேஸிஸில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு கிராஸ் ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு) வழியாக ஆக்ஸில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, வெளியே போகும். மேலே குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டு சக்கரங்களையும் தாங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஷாஃப்டும் அதனுடன் ஊசலாடும். நம் சாலைகளில் இந்த அமைப்பு மிகுந்த தொல்லை கொடுத்ததால், 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசல் காரில் அதே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் வழக்கமான முழு அச்சைப் போட்டுவிட்டார்கள். அதாவது, கம்பெனி உயிரோடு இருக்கும்போதே ஹெரால்டின் பின்னச்சு வாரிசில்லாமல் போயிற்று. இன்று 'ஹெரால்டு ஆக்ஸில்' என்று விற்க வருவதில் கெசல் அச்சும் கலந்து வருவதற்குக் காரணம் இதுவே. எங்களுக்கு முதலில் வந்த தகவலும் அப்படிப்பட்டதுதான். ஈரோட்டிலிருந்து வந்த புகைப்படத்தில் நீளக் குழாயைக் கண்டதும் அதை விட்டுவிட்டோம்.

கழற்றியதில் கண்டவை

ஹெரால்டின் பின் ஹப் சாய்வான ஷாஃப்ட் முனையில் சாவியுடன் இறுகி உட்கார்ந்திருக்கும். அரை நூற்றாண்டு உட்கார்ந்த ஹப் சாதாரணப் புல்லருக்கு மசியாது. சுத்தியலால் முனையை அடிப்பவர்கள் மரையை நசுக்கிவிடுவார்கள். ஹப்பைச் சூடேற்றி இழுப்பவர்கள் உள்ளே இருக்கும் ஆயில் சீலையும் கிரீஸையும் கருக்கிவிடுவார்கள். கனத்த தகட்டில் ஹப்பின் வீல் போல்ட் துளைகளுக்கு ஏற்பத் துளையிட்டு, நடுவில் நுண்மரை போல்ட் வைத்து, இறுக்கிய நிலையில் ஓர் இரவு விட்டபின் அது தானாகவே விட்டுக்கொடுத்தது. அரிதான சாமான் தேடும் வேலையில், இருக்கும் சாமானைக் கெடுக்காமல் கழற்றுவதும் ஒரு பகுதி என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

வலது ஆக்ஸில் ஷாஃப்டின் மேல் நேரடியாக ஓடும், மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங், ஷாஃப்டிலேயே பள்ளம் வெட்டியிருந்தது. விரல் நகத்தில் மட்டும் தட்டுப்படும் அளவுக்கு அல்ல, வரிவரியாக நன்றாகவே. இரு பக்கத்துக் கிராஸ்களின் கால்களிலும் ஊசிகளின் தழும்பு பதிந்திருந்தது. டிஃபரன்ஷியலைத் திறந்தபோது பினியனின் முன் பேரிங்கில் உரிவும், கிரவுனின் சில பற்களின் உள்முனையில் சிறு உடைவும், பல பற்களில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளும் இருந்தன. எண்ணெய் ஒழுகிக் குறைந்தபின்னும் வண்டியை ஓட்டியதே இத்தனைக்கும் மூலம் என்பது என் கணிப்பு: காய்ந்து விறைத்த பினியன் சீல் வழியாக எண்ணெய் போய், ஹைபாய்டு பற்கள் வறண்டு உரசியிருக்க வேண்டும். ஹைபாய்டில் பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி இருப்பதால் பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்யும். எண்ணெய்ப் படலம் அறுந்தால் மற்ற பற்சக்கரங்களைவிட இது விரைவில் கெடும்.

கிரவுனில் 39 பற்கள், பினியனில் 8; விகிதம் 4.875. இந்த எண் பிறகு மிகவும் தேவைப்பட்டது.

பெயரைச் சொல்லித் தேடியதும் அளவைச் சொல்லித் தேடியதும்

உரிமையாளர் எங்களிடம் வருவதற்கு முன்பே தாமாக நெடுநாள் தேடியிருந்தார். கோவையிலும் ஈரோட்டிலும் கடை கடையாக ஏறி, "ஹெரால்டுக்கு ஆக்ஸில் பேரிங் இருக்குதுங்களா?" என்று கேட்டு, இல்லை என்ற பதிலையே வாங்கி வந்திருந்தார். இத்தேடலில் எல்லோரும் செய்வது இதுதான். பலன் இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம். காரின் பெயர் வழக்கொழிந்துவிட்டது, பேரிங்கின் எண் வழக்கொழியவில்லை. உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் பெரியவர் ஒருவர் இதையே தம் பாணியில் சொன்னார்: "வண்டிப் பேரு எனக்கெதுக்குங்க? சாமானைக் கையில குடுங்க, பாத்துச் சொல்றேன்."

பேரிங் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான பொருள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றும் பொருந்தினால் அது டிராக்டருக்கு வந்ததா, பம்புக்கு வந்ததா என்பது பொருட்டல்ல. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய நூற்பாலைகளும், அவற்றைத் தொடர்ந்த மோட்டார், பம்ப் தொழிலும் கோவையைப் பேரிங் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊராக்கியிருக்கின்றன. பழைய வளையங்களின் விளிம்பைத் துடைத்து, தேய்ந்திருந்த எண்ணை உருப்பெருக்கியில் படித்து, படிக்க முடியாதவற்றை மைக்ரோமீட்டரில் அளந்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். அங்குல அளவில் அமைந்த சாய்வு உருளை பேரிங்குகள் உட்பட அத்தனையும் உள்ளூரிலேயே கிடைத்தன. பல காலம் 'கிடைக்காத சாமான்' பட்டியலில் இருந்தவற்றில் பாதி, இப்படி ஒரே நாளில் பட்டியலை விட்டு இறங்கின.

ஆயில் சீலில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. பழைய ஆங்கிலேய வண்டிகளின் துளைகள் அங்குலக் கணக்கு. கடையில் இருக்கும் சீல்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. உட்புறத்தில் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்: 31.75 மி.மீ. ஷாஃப்டில் 32 மி.மீ. சீலை ஓட்டினாலும் அதன் உதடு ரப்பர் என்பதால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அது ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் அந்தச் சலுகை கிடையாது. 38.1 மி.மீ. துளையில் 38 மி.மீ. சீலை வைத்தால் அது இறுகாமல் நின்று சுற்றியும் கசிந்தும் தொல்லை தரும். ஆகவே வெளிவிட்டம் சரியாக உள்ளதைத் தேர்ந்து, உள்விட்டத்திலும் அகலத்திலும் விட்டுக்கொடுப்பதே முறை. பசையைப் பூசி ஒப்பேற்றும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இந்த வண்டியின் முதல் நோயே சீலில்தான் தொடங்கியது.

கிராஸ்களுக்கும் இதே வழிதான். கிராஸின் கால்களில் மாட்டும் பேரிங் தொப்பியின் விட்டம், எதிரெதிர்த் தொப்பிகளின் வெளிமுகங்களுக்கு இடையே உள்ள நீளம், லாக் எங்கே உட்காருகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் போதும். லாரித் தொழில் செழித்த சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் ஜாயிண்ட் வேலை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கிராஸ் வகைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இங்கே விலை பார்க்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் கிராஸ் சுழற்சியை மட்டும் கடத்துகிறது. ஹெரால்டின் பின்புறத்தில் ஆக்ஸில் ஷாஃப்டே சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கையாகவும் வேலை செய்வதால், வளைவில் வரும் தள்ளுவிசையும் கிராஸின் மேல்தான் விழுகிறது. கிராஸ் உடைந்தால் வண்டி நிற்பதோடு போகாது, சக்கரமே சாய்ந்துவிடும்.

ஷாஃப்ட்: செய்யக்கூடியது

வலது ஆக்ஸில் ஷாஃப்டுக்கு மூன்று யோசனைகள் வந்தன. பள்ளத்தில் வெல்டு வைத்து நிரப்பிக் கடைவது மலிவானது. அதை முதலிலேயே தள்ளினோம். வெல்டின் சூடு அடியில் உள்ள உலோகத்தின் பதத்தைக் கெடுத்து, வளைவு விசை மாறி மாறி விழும் இடத்தில் விரிசலுக்கு வித்திடும். தேய்த்துச் சிறிதாக்கிக் கடின குரோமியம் பூசுவது இரண்டாவது. சீல் ஓடும் இடத்துக்கு அது நல்ல வைத்தியம். ஊசி உருளைகள் நெருக்கி ஓடும் இடத்தில் பூச்சு உரியக்கூடும். உரிந்த குரோமியத் துகள் பேரிங்கை மென்று விழுங்கிவிடும்.

எனவே மூன்றாவது யோசனையின்படி புதிய ஷாஃப்டையே செய்வது என்று முடிவாயிற்று. பழைய ஷாஃப்டின் உள்முனையில் கிராஸைப் பிடிக்கும் கவை, ஷாஃப்டோடு ஒன்றாகவே அடித்து உருவாக்கப்பட்டது. ஒற்றைச் சாமானுக்கு அச்சு செய்து அடிப்பது கட்டாது என்பதால், கவையின் அகலத்துக்கு ஈடான பருமனுள்ள ஈஎன் 36 வகை எஃகு உருட்டை வாங்கி, மிச்சத்தையெல்லாம் கடைந்து தள்ள வேண்டியிருந்தது. வாங்கிய இரும்பில் பெரும்பகுதி சுருளாகப் போயிற்று. ஆவாரம்பாளையம், கணபதி பக்கத்து லேத் பட்டறைகளில் இப்படி ஒற்றை வேலை எடுத்துச் செய்யும் பொறுமை இன்னும் இருப்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

கடைவதைவிடப் பதப்படுத்துவதில் கவனம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஊசி பேரிங் ஓடும் இடத்தின் மேற்பரப்பு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்த வேண்டும். அதே கார்பன், முனையிலுள்ள மரையிலும் சாவிக் காடியிலும் ஏறினால் அவை நொறுங்கும் தன்மை பெறும். ஓடுதடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடங்களுக்குக் கார்பன் ஏறாமல் தடுக்கும் பூச்சு பூசும்படி வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்தோம். சாவிக் காடியின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்டவும் குறித்தோம். இந்த வகை ஷாஃப்டுகள் முறிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். கடைசிக் கிரைண்டிங் முடிந்ததும் சாய்வு முனையில் நீலம் தடவி ஹப்பை ஏற்றிப் பார்த்து, தடம் முழுச்சுற்றிலும் பதிந்த பிறகே ஒப்புக்கொண்டோம்.

இடது ஷாஃப்டில் தேய்வு இல்லை. இருந்தும், அதைக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பி, காடியில் விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். செலவு அற்பம், ஆனால் பழைய வண்டிக்காரர்கள் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

கிரவுன், பினியன்: தேடியே ஆக வேண்டியது

இவ்வளவுக்கும் பிறகு தேட வேண்டியதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, கிரவுன் பினியன் ஜோடி. பற்சக்கரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாதா என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. நேர்ப்பல், சாய்பல் சக்கரம் எதையும் இங்கே ஒற்றையாக வெட்டித் தருவார்கள். ஹைபாய்டு ஜோடிக்குத் தனி இயந்திரமும், அந்தப் பல்லின் வளைவுக்கேற்ற வெட்டுத்தலையும், இயந்திர அமைப்புக் கணக்கும் வேண்டும். வெட்டி, கடினப்படுத்தி, பின் இரண்டையும் ஒன்றோடொன்று ஓட்டித் தேய்த்து இணை சேர்க்க வேண்டும். நூறு ஜோடிக்கு இந்த ஏற்பாடு கட்டும், ஒரு ஜோடிக்குக் கட்டாது.

இங்கிலாந்தில் டிரையம்ஃப் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் வணிகம் நன்றாகவே நடக்கிறது. ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் ஆகியவை ஹெரால்டின் உறவுகள் என்பதால் பல சாமான்கள் பொதுவானவை. ஆனால் அங்கே தாராளமாகக் கிடைப்பது 37க்கு 9, அதாவது 4.11 விகிதம். அது ஹெரால்டு 1200இல் 1147 சி.சி. எஞ்சினுக்கு அமைந்த விகிதம், 948 சி.சி. எஞ்சின் கொண்ட சலூன் காருக்கு அங்கேயும் 4.875தான் கொடுத்தார்கள். 4.11ஐப் போட்டால் அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதல் வேகம் போகும். சமவெளியில் அது சுகம்தான். வால்பாறை ஏற்றத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு அந்தச் சிறு எஞ்சின் திணறும். இரண்டாம் கியரில் ஏறிய வளைவுக்கு, இணைவளையம் (கியர் பற்கள் உரசாமல் சேர உதவும் வளையம்) இல்லாத முதல் கியரைத் தேட வேண்டி வரும். ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியிலிருந்து ஓடுவதால், முள் 60 காட்டும்போது வண்டி 71இல் போய்க்கொண்டிருக்கும். பொருந்துகிறது என்பது வேறு, ஒத்துவருகிறது என்பது வேறு. சுங்க வரியைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த வழியை மூடுவது இன்னும் எளிதாயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் வேறொரு பட்டறையிலிருந்து, சிறு வேன் ஒன்றின் முழு அச்சை வாங்கிச் சேஸிஸில் தாங்கிகளை வெல்டு செய்து மாட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. கெசலில் கம்பெனியே முழு அச்சுக்கு மாறியதே என்பது அவர்களின் வாதம். கெசல் அதற்கென்றே அமைத்த வண்டி. ஹெரால்டின் சேஸிஸ் அந்தச் சுமையை அந்த இடங்களில் வாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி விண்டேஜ் தகுதி பெற வேண்டுமானால், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். விண்டேஜ் வண்டிகளுக்கான 'விஏ' வரிசைப் பதிவுக்கு உரிமையாளர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதற்கான கதவை வெல்டு வைத்து அடைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

கடைசியில் வழி திறந்தது தாராபுரத்துக்கு அருகே. ஒரு பழைய அரிசி ஆலையின் பின்புறம் ஹெரால்டு ஒன்று கூடாகக் கிடப்பதாக, நெல் ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் தகவல் சொன்னார். தரைத் தகடு மண்ணோடு மண்ணாகியிருந்தது, எஞ்சின் இல்லை, கதவுகள் இல்லை. டிஃபரன்ஷியல் மட்டும் தன் இடத்தில் முழுதாக இருந்தது. திறக்காமலே விகிதத்தை அறிய ஒரு வழி உண்டு: ஒரு பக்கத்து வெளியீட்டு ஃபிளாஞ்சை (இணைப்புத் தட்டை) அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால், பினியன் ஃபிளாஞ்ச் விகிதத்தின் அளவுக்குச் சுற்றும். சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றியபோது ஐந்து சுற்றுக்கு அரைக்கால் குறைவாக நின்றது. 4.11 ஆக இருந்தால் நான்கைச் சற்றுத் தாண்டி நின்றிருக்கும். வடிகால் திருகைத் தளர்த்தியதும் கறுத்த எண்ணெய் வந்தது. தண்ணீர் கலந்த பால்நிறம் இல்லை. ஆலைக்காரரிடம் உரிமையாளர் நேரில் பேசி, விலை படிந்து, இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த ஜோடியின் பற்கள் நன்றாக இருந்தன, பேரிங்குகள் துருப்பிடித்திருந்தன. கிரவுனையும் பினியனையும் பிரிக்காமல், பினியன் தலைக்கு அடியில் இருந்த ஷிம்மோடு (அளவைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சேர்த்துப் பொள்ளாச்சி வண்டியின் டிஃபரன்ஷியல் கூட்டுக்கு மாற்றினோம். கூடு மாறினால் ஷிம் அளவும் மாறக்கூடும் என்பதால், பற்களில் செந்தூள் குழம்பு தடவி ஓட்டித் தடம் பார்த்தோம். முதலில் தடம் பல்லின் வெளிமுனைக்கு ஒதுங்கியது. ஷிம்மை மாற்றி மாற்றி, தடம் பல்லின் நடுவுக்குச் சற்று உள்ளே வந்து நிற்கும் வரை விடவில்லை. டயல் கேஜில் பல்லிடை விளையாட்டு (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) 0.13 மி.மீ.; இந்த அளவு ஜோடிகளுக்கு 0.10 முதல் 0.20 வரை ஏற்கத்தக்கது. இந்த ஒரு வேலைக்குச் செலவான நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்திருக்கலாம்.

வண்டியின் இப்போதைய நிலை

டிஃபரன்ஷியலுக்கு ஹைபாய்டுக்கான 90 எண் எண்ணெய் ஊற்றினோம். கியர் பெட்டிக்கு அதே டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம். ஜிஎல் 5 வகையின் சேர்மானங்கள் உள்ளிருக்கும் வெண்கல வளையங்களை அரிக்கக்கூடும், அங்கே ஜிஎல் 4 போதும். செலவில் பெரும்பங்கு புதிய ஷாஃப்டுக்கு ஆயிற்று, அடுத்தது டிஃபரன்ஷியல் கூலி. பேரிங், சீல், கிராஸ் எல்லாம் சேர்ந்தும் சிறு தொகைதான்.

ஆயிரம் கி.மீ. ஓடியபின் எண்ணெயை இறக்கியபோது சாம்பல் நிற நுண்தூள் தவிரத் துணுக்கு ஏதும் இல்லை. தட்டும் ஆட்டமும் நின்றன. வால்பாறையிலிருந்து இறங்கும்போது மட்டும் மெல்லிய ஊளை ஒன்று எஞ்சியிருக்கிறது. வேறொரு கூட்டில் ஓடித் தேய்ந்த ஜோடியில் அது முற்றிலும் போகாது. தாராபுரத்து வண்டியிலிருந்து இடது ஆக்ஸில் ஷாஃப்டையும் உரிமையாளர் கழற்றி வாங்கி வந்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதன் ஓடுதடம் நன்றாக இருக்கிறது. விரிசல் சோதனை இன்னும் செய்யவில்லை.